கலங்கரை விளக்கத்து வாசலில் சூடம் ஏற்றியவருக்கு

நீங்கள்தான் செய்தீர்கள். உங்கள் முகம் எது என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் அன்று என் படகில் வந்தவர்களில் ஒருவர் நீங்கள் என்பது மட்டும் நிச்சயம். கலங்கரை விளக்கத்தின் வாசற்படியில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் படகில் வந்து உட்கார்ந்து, நான் நீட்டிய பிஸ்கட்டையும் வாங்கித் தின்றீர்கள். இன்றைக்கு உங்களால் ஒருத்தரும் அந்தத் தீவில் கால் வைக்க முடியவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். படகுச் சுற்றுலா நடத்துகிறவளுக்குக் கடல் ஒரு தொல்லையே இல்லை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும்தான் தொல்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பூமாலைக் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் தேக்கா சந்தையில் காய்கறி விற்றேன். படிப்பெல்லாம் அங்கேதான். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற யாராயிருந்தாலும், நான் சொல்லப்போவது உங்கள் கதையும்தான்.

சுற்றி வந்த காலம்

நம் ஊருக்குத் தெற்கே, பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கின்றனவே, அதையும் தாண்டி ஒரு குட்டித் தீவு. அதில் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. ஆரம்பத்தில் நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், தீவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, "அதோ பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்புவேன். முதல் ஆண்டு முழுக்க இதே பிழைப்புதான்.

ஒரு நாள் செங்காங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வெயிலில் முகம் கறுத்து, அலையில் சட்டை நனைந்து, வட்டமும் முடிந்தது. படகு திரும்பியதும் அந்த அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்தவர் பார்ப்பாரே, அப்படி. கடைசியில் சொன்னார்: "அக்கா, இதை நான் எங்க ஃப்ளாட்டுல ஏர்கான் போட்டுக்கிட்டு டிவியிலயே பார்த்திருப்பேனே லா!"

தேக்கா பேரம்

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்த வட்டத்தின் மேல். மறுநாளே அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் ஒரு தமிழ்த் தம்பி. என் பிள்ளை வயதுதான் இருக்கும். "மேடம், பப்ளிக்குக்கு அலவ் பண்றதில்ல" என்றார். "பப்ளிக்னா யாரு தம்பி? நீங்களும் நானும்தானே?" என்றேன். முப்பது பேர் என்று ஆரம்பித்தேன். ஒருவர்கூட முடியாது என்றார். அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். விளக்கத்தின் மேலே ஏறமாட்டோம், சாப்பாடு கொண்டுபோக மாட்டோம், மாதம் ஒரு தடவை போதும், ஒரு டஜன் பேர் போதும் என்று நானும் இறங்கி இறங்கி வந்தேன்.

அவர் தலையசைப்பதாக இல்லை. சரி என்று தேக்கா வித்தையை எடுத்துவிட்டேன். சந்தையில் விலை படியவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். நாலடி போவதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். லிஃப்ட்வரை போனேன். யாரும் கூப்பிடவில்லை. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தத் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலை எடுத்தார்: "மேடம், இங்க நாங்க யாரையும் பின்னாடி கூப்பிட மாட்டோம். ஆனா போன வேகத்துலயே திரும்பி வந்த ஆள் நீங்கதான். குடுங்க, மேலிடத்துல கேட்டுப் பார்க்கிறேன்."

படியில் வரிசையாகச் செருப்பு

அனுமதி கிடைத்தது. இறங்கலாம், விளக்கத்தின் அடிவரை போகலாம், கீழ் அறையை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனக்கு அதுவே சாம்ராஜ்யம். இந்தத் தீவில் ஆள் இறக்குகிற உரிமை இந்தச் சந்தில் வேறு எவனுக்கும் இல்லை.

முதல் குழுவில் ஆங் மோ கியோவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் குடை. விளக்கத்தின் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பின்னால் வந்தவரும் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவரும். நண்பகல் வெயிலில் சிமெண்டுத் தரை தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது, என் ஆட்கள் ஒற்றைக் காலில் குதிக்கிறார்கள். காவல் பணியில் இருந்த சீனர் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. "அம்மா, இது கோயில் இல்ல, செருப்பைப் போட்டுக்குங்க, கால் வெந்துடும்" என்று கத்தினேன். அந்த அம்மா அசையவில்லை: "விளக்கெரியிற இடத்துக்குச் செருப்போடயே போறது, பிள்ளை?"

தண்ணீரிடம் பேச முடியாது

எங்கள் படகோட்டி பாக் ரஹீம். மலாய்க்காரர். என்னைக் 'காக்' என்பார், நம் அக்காதான். தீவைச் சுற்றிப் பாறை இருக்கிறது. நீர்மட்டம் இறங்க ஆரம்பித்தால் படகைத் துறையில் நிறுத்த முடியாது. அதனால் அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் ஏறிவிட வேண்டும். நம் ஆட்கள் ஏறுவார்களா? ஒருவர் செல்ஃபி எடுக்கிறார், ஒருவர் சங்கு பொறுக்குகிறார். நானும் காவல்காரரும் ஒவ்வொருவராய்க் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவோம். அந்தச் சந்தடியில் எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு முதுகில் கண் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை ஒரு கல்யாண ஜோடி பட்டுச்சேலை, வேட்டியோடு வந்து, இன்னும் நாலு படம் எடுக்கவேண்டும் என்று கெஞ்சியது. நான் பாக் ரஹீமிடம் பேரத்தை ஆரம்பித்தேன். பத்து நிமிடம், சரி ஐந்து நிமிடம், சரி ஒரே ஒரு படம். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, தேக்காவில் பொறுக்கிய தமிழில் சொன்னார்: "காக், என்கிட்ட பேசலாம். தண்ணிகிட்ட பேச முடியாது லா."

பகல் கழிவு

என்னைப் பேரத்தில் தோற்கடித்த ஒரே ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். கவுன்டரில் வந்து நின்று விலையைக் கேட்டார். சொன்னேன். கழிவு கேட்டார், கொஞ்சமாவது குறைக்கச் சொன்னார். முடியாது என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் கூப்பிடவில்லை, அந்த வித்தையெல்லாம் என்னிடமா? வாசல்வரை போனவர் நின்று, நிதானமாகத் திரும்பி, விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்: "பகல்ல கூட்டிட்டுப் போறீங்க. பகல்ல விளக்கு எரியாது. எரியாத விளக்கைக் காட்டுறதுக்கு எரியிற விளக்கோட விலையாம்மா?"

பூன் லே தம்பிகள்

பூன் லே பக்கத்துத் தங்குவிடுதியிலிருந்து முருகேசன் என்ற தம்பி போன் செய்தார். ஊரிலிருந்து வேலை பர்மிட்டில் வந்து, கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பவர். அறையில் இருக்கிற எல்லாருக்கும் லைட் ஹவுஸ் பார்க்க ஆசையாம். ஆனால் இரண்டு அறைக்காரர்கள் சேர்ந்துவிட்டதால் ஒரு படகு போதாது. முன்கூட்டியே வேறு குடும்பங்களும் பதிந்திருந்தன. கடைசியில் தம்பிகளில் பாதிப்பேர் இந்த மாதம், மீதிப்பேர் அடுத்த மாதம் என்று முடிவாயிற்று. யார் முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். தோற்றவர்கள் விடுதி வாசலில் நின்று கையாட்டி அனுப்பிவைத்த வீடியோவை முருகேசன் என்னிடம் காட்டினார்.

படகில் அந்தத் தம்பிகள் ஒரு பக்கம், குடும்பங்கள் ஒரு பக்கம். முதல் கால் மணி நேரம் கோயில் வரிசையில் நிற்பதுபோல் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலைத் தாண்டும்போது தம்பிகள் எழுந்து நின்று, "டேய், நம்ம பெயின்ட் அடிச்சதுடா!" என்று கூச்சல் போட்டார்கள். ஒரு பாப்பா கை தட்டியது. அதன் பிறகு முறுக்குப் பொட்டலம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. நான் முருகேசனிடம், "தினமும் கப்பலையே பார்க்கிறீங்க, லீவு நாள்லயும் கடலுக்கா தம்பி?" என்று சீண்டினேன். அவர் சொன்னார்: "நாங்க கப்பலுக்குள்ளதான் அக்கா இருக்கோம். டேங்குக்குள்ள இறங்குனா இரும்புதான் தெரியும். கடலை யாரு பார்த்தா?"

கறுப்பு வட்டம்

அந்தப் பயணம் முடிந்து இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள். அதே கவுன்டர்த் தம்பி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். விளக்கத்தின் வாசற்படி. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் எரிந்த தீக்குச்சி. வெள்ளைக் கதவில், கண்மட்டத்தில், அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். மறைக்கமாட்டேன். ராத்திரி முழுக்க ஊருக்காக விழித்திருக்கிற ஒரு விளக்கைப் பார்த்தால் நம் ஆளுக்குக் கும்பிடத் தோன்றும். கும்பிட்டால் கை பைக்குள் போய்ச் சூடத்தைத் தேடும். "தம்பி, சாமின்னு நினைச்சு ஏத்திட்டாங்க. துடைச்சா போயிடும். நானே வந்து தேய்ச்சுத் தரேன்" என்றேன். அவர் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். வாசலுக்கு அடுத்தாற்போல் ஓர் இரும்புக் கதவு, அதில் தீ கூடாது என்று சிவப்பு அடையாளம். என் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மேடம், அந்தக் கதவுக்குப் பின்னாடி ஜெனரேட்டருக்கு டீசல் வச்சிருக்கோம்."

ஒரு நல்ல யோசனை

அனுமதியை நிறுத்திவிட்டார்கள். வழி ஒன்று மட்டும் விட்டார்கள். செய்தவர் யாரென்று தெரியவேண்டும். அவரே வந்து மன்னிப்புக் கேட்டு, பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தால், மறுபடி பரிசீலிப்பார்கள். அபராதம் இல்லை, போலீஸ் இல்லை. முதல் தடவை என்பதால் விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் ஆள் தெரியாமல் ஒன்றும் நடக்காது. அப்படியென்றால் அடுத்த மாதம் போகவேண்டிய மீதித் தம்பிகள்? அவர்களுக்கும் இல்லை.

விஷயம் சந்தில் பரவியது. என்னைப் போலவே டூர் நடத்துகிற ஒருத்தர், வெள்ளைச் சட்டை, வாசனைத் திரவியம், கடைக்கு வந்து உட்கார்ந்தார். "ஏன் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறீங்க? அந்த வொர்க்கர் பசங்கள்ல எவன் பேரையாச்சும் குடுத்துடுங்க. அவங்க எப்படியும் பர்மிட் முடிஞ்சா ஊருக்குப் போறவங்கதானே" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. தேக்காவில் அழுகின தக்காளியைத் தலையில் கட்டப் பார்க்கிறவனிடம் என்ன சொல்வேனோ அதைச் சொன்னேன், கொஞ்சம் கூடுதலாக. அவர் எழுந்து வாசலுக்குப் போகும்போது நான் கதவை அறைந்த வேகத்தில் மாலைகள் ஆணியோடு ஆடின. மாலை கட்டிக்கொண்டிருந்த சுந்தரம் அண்ணன், கடையின் மறுபாதிக்காரர், தலை நிமிராமல் சொன்னார்: "விரட்டினது சரிதாம்மா. கதவை மட்டும் பார்த்துச் சாத்து, அதுல பாதி என்னோடது."

போன் விசாரணை

அன்று வந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். மிரட்டவில்லை. நம்பமாட்டீர்கள், சர்க்கரையாகப் பேசினேன். "தப்பா நினைக்காதீங்க, நீங்களா இருந்தா சொல்லிடுங்க" என்றேன். ஒருவர் தான் நாத்திகர் என்றார். படகில் அலை தூக்கியபோது முருகா என்று அலறியது அவர்தான். ஒரு தம்பதியில் கணவர் மனைவியைக் கேட்கச் சொன்னார், மனைவி கணவரைக் கேட்கச் சொன்னார், இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஒரு மாணவி, "ஆன்ட்டி, அன்னிக்கு நான் ஃபுல்லா வாமிட் பண்ணிட்டு இருந்தேன், ஐ டோன்ட் இவன் ரிமெம்பர் த லைட் ஹவுஸ்" என்றாள். அவளை நம்பினேன்.

இன்னொரு அம்மா மட்டும் கோபித்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்யக்கூடியவர்கள் இல்லையாம், எல்லாரும் பெரிய படிப்பாம், அலுவலகத்தில் சொல்லித் தன் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். "பேர் இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு? நான் யாரையும் சொல்லலை" என்றேன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வைப்பதற்கு முன் அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லதுதான் செஞ்சீங்க. யார் செஞ்சிருந்தாலும் நல்ல மனசோடதானே செஞ்சிருப்பாங்க, விட்டுடுங்களேன்."

முருகேசன்

கடைசியாக முருகேசனைக் கூப்பிட்டேன். அவரைக் கேட்கவே வாய் வரவில்லை. மற்றவர்களைக் கேட்டேன், அவரைக் கேட்காவிட்டால் அதுவும் ஒரு தினுசான அவமரியாதை என்று கேட்டேன். "நாங்க இல்ல அக்கா" என்றார். "தீப்பெட்டி வச்சுக்கிற பழக்கமே போயிடுச்சு. பட்டறை கேட்டுல தடவிப் பார்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க." நான் சரி என்றேன். அடுத்த மாதப் பயணம் இல்லை என்பதையும் சொன்னேன். பின்னால் விடுதியின் சத்தம் கேட்டது, யாரோ குழம்பு தாளிக்கிறார்கள், யாரோ "என்னடா சொல்றாங்க, நாள் சொல்லிட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். சீட்டில் தோற்ற பாதிதான்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் அவரைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். உங்க முதலாளி காதுக்குப் போனா பர்மிட் என்னாகும் தெரியுமா, புத்தி இருக்கா உனக்கு என்று, அதுவரை போட்ட மரியாதையை எல்லாம் எடுத்துவிட்டுக் கத்தினேன். அவர் சொன்னது இதுதான்: "செஞ்சது நான்னு சொல்லிடுங்க அக்கா. நான்தான் பார்த்துட்டேனே. இவனுங்க போயிட்டு வரட்டும்."

இப்போது உங்களிடம் வருகிறேன், சூடம் ஏற்றியவரே.

அந்தத் தம்பியின் பெயரை நான் கொடுக்கமாட்டேன். வேறு யார் பெயரையும் கொடுக்கமாட்டேன். உங்களை யாரென்று ஊகித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கொடுக்கமாட்டேன். என் கவுன்டரில் இன்றுவரை நான் ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை. அனுமதி போனால் போகட்டும், பழையபடி வட்டம் அடிப்பேன், கையைக் காட்டுவேன், திட்டு வாங்குவேன். எனக்குத் திட்டு புதிதில்லை.

ஆனால் நீங்கள் நல்ல மனசோடு செய்தீர்கள் என்பதை வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள். படியில் வைத்த நெருப்பு நல்ல மனசு, சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டீர்களே, அது என்ன மனசு? செய்யாத ஒருவன் தன் பிழைப்பையே பணயம் வைத்து 'நான்தான்' என்கிறான்; செய்த உங்களுக்கு ஒரு மன்னிப்பும் ஒரு மத்தியான வகுப்பும்தான் செலவு. அந்த வகுப்பில் நானும் கூடவே உட்காருகிறேன். படியைத் தேய்க்கவேண்டும் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து தேய்ப்போம், பாக் ரஹீம் படகை எடுப்பார். தம்பிகளில் பாதிப்பேர் இன்னும் அந்த விளக்கத்தைப் பார்க்கவில்லை. வாருங்கள், வந்து உங்கள் பெயரை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

காய்கறியிலிருந்து கலங்கரை விளக்கம்வரை எல்லாவற்றிலும் பாதிக்குப் படிந்துபோனவள்தான் நான், ஆனால் இந்த ஒன்றில் மட்டும் கழிவு கிடையாது, நீங்கள் முழுசாக வந்துதான் ஆகவேண்டும்.